கலாவதியின் ஒற்றைக் கையெழுத்து

கலாவதிக்கு அரசாங்கம் காசு தரவேண்டியிருந்தது. முதலில் அவளே இதை நம்பவில்லை. சுவிஸ் நாட்டுப் பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டரை வருஷமாக வேலை. வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். கூடுதலாகப் பிடித்துவிட்டோம், ஆயிரத்து இருநூறு பிராங்கை ஜூனில் திருப்பித் தருவோம் என்று 1988 பெப்ரவரியில் வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பிடித்த வரியைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிற அரசாங்கத்தை நீங்கள் எந்த ஊரில் கண்டிருக்கிறீர்கள்? பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில், தன் வாடகை அறையில் வைத்து அவள் அந்தக் கடிதத்தை நாலுதரம் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

ஆனால் ஜூன் வரை பொறுக்க வழியில்லை. அவளை முதலில் அனுப்பிவிட்டுப் பின்தங்கிய கணவன் மகேஸ்வரன், கொழும்பில் ஒரு லொட்ஜில் வெளியே தலைகாட்டப் பயந்து கிடந்தார். தெருவில் தமிழரைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம். மாத முடிவுக்குள், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்கு முற்பணம் போகாவிட்டால் அவருடைய இடம் வேறொருவனுக்கு. இருந்தது எட்டே எட்டு நாள்.

தமிழ்ச் சாமான் கடை வைத்திருந்த தவராஜா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் காசை நான் வாங்குறன், தங்கச்சி. இப்ப ஆயிரத்து நூறு கையிலை தாறன், ஜூனிலை கந்தோர் எனக்குத் தரட்டும். இஞ்சை அப்பிடி எழுதி மாத்தலாம். ஆனா மகேஸ்வரன்ரை சம்மதக் கையெழுத்து வேணும்.”

அதில் அவளுக்கும் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, சொந்தச் சீதனக் காணியைக்கூட மனைவி கணவனின் சம்மதமில்லாமல் விற்க ஏலாது. கொழும்புக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவர் கையெழுத்து வைத்த கடிதம் வந்துசேர மூன்று கிழமையாகும். ஆளைக் காப்பாற்றுகிற காசை அந்த ஆளின் கையெழுத்தே மறித்துக்கொண்டு நின்றது. எரிச்சலில் அவளுக்கு அழுகை வந்தது.

கடைசியில் கந்தோருக்கே போனாள். கெர்பர் என்ற நரைத்த தலைப் பெண் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். சலவைக்கூடத்தில் பொறுக்கிய ஜெர்மனில் கலாவதி எல்லாவற்றையும் கொட்டினாள். கணவரின் கையெழுத்துப் பிந்தும், அதற்காகத் தள்ளிவிட வேண்டாம் என்று கெஞ்சினாள்.

“யார் உழைத்த சம்பளம்?” என்று கெர்பர் கேட்டார்.

“நான்.”

“அப்படியென்றால் விற்பதும் நீங்கள்தான். எழுத்தில் வேண்டும். வாங்குபவரின் பெயர், தொகை, உங்கள் கையெழுத்து. நூறு பிராங் குறைத்து விற்கிறீர்கள், தெரியும்தானே?”

“தெரியும். அவர் எங்கே கையெழுத்து வைக்கவேணும்?”

“எங்கேயும் இல்லை.” கெர்பர் கண்ணாடியைக் கழற்றினார். “எங்களுக்கும், வோட்டுப் போட்டு, இந்த ஜனவரியில்தான் புதிய கலியாணச் சட்டம் வந்தது. போன வருஷம் வரை, நான் இந்தக் கதிரையில் இருந்து வேலை செய்யக்கூடாது என்று என் கணவர் மறிக்கச் சட்டத்தில் இடமிருந்தது.”

கலாவதி மலைத்துப்போனாள். நிமிஷம் தப்பாமல் வருகிற ட்ராமும், பனிமலையும் அவளை இப்படி அசைத்ததில்லை. வெள்ளைக்காரிக்குமா! சட்டம் என்றால் மனிசர் கை படாத சாமான் என்று நினைத்திருந்தாள். இவர்கள் வோட்டுப் போட்டு மாற்றியிருக்கிறார்கள், அதுவும் போன மாதத்திலிருந்து. பேனையை இறுக்கிப் பிடித்து, கெர்பர் நீட்டிய தாளில் தன் பெயரை எழுதினாள்; அவர் முத்திரை குத்தினார்.

“அவரின்ரை கையெழுத்து எங்கை?” என்றார் தவராஜா.

“தேவையில்லையாம், அண்ணை. என்ரை உழைப்பு, என்ரை கையெழுத்துப் போதும்.”

தவராஜா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கந்தோர் முத்திரை பளிச்சென்று இருந்தது. காசு வைக்கிற லாச்சியைத் திறந்து நோட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

மகேஸ்வரன் ஏப்ரலில் வந்தார், பாதி உடம்பாக, ஓல்டன் என்ற ஸ்டேஷனில் ரயில் மாறி. பேர்ண் ஸ்டேஷனில் அவரைத் தொட்டுத் தொட்டு அழுது முடித்தபோது, அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“நீ கேட்ட சம்மதம். தபாலிலை போடமுதல் வெளிக்கிட வேண்டி வந்திட்டுது. குறை நினையாதை.”

விரித்து வாசித்தாள். என் மனைவி விற்பதற்கு எனக்குப் பூரண சம்மதம் என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார். அவள் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து, திரும்ப அவருடைய பைக்குள் வைத்தாள்.

“இது இல்லாமல்தான் உங்களைக் கூப்பிட்டனான்,” என்றாள்.