ஈரக்கால் கூட்டிய வெள்ளிக்கிழமை

இதை எழுதுகிறவன் அவரை முதலில் பார்த்தது ஒரு கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் இவன். முதலில் மூக்குக்கண்ணாடி போட்டவனும் இவனேதான். பாதிச் சட்டம் மட்டுமே உள்ள கண்ணாடி அது. கீழ்ப்பாதி வில்லையை ஒரு நைலான் இழைதான் பிடித்துக்கொண்டிருக்கும். வேலையில் சேர்ந்த வாரமே இழை அறுந்து, வில்லை கையோடு வந்துவிட்டது. அவர் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கடையில் அந்த அளவு இழை தீர்ந்துபோயிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து தூண்டில் நைலான் சுருள் ஒன்றை எடுத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. பெரிய மீனு இழுத்தாலே இது அறாது. உங்க மூக்கு மேல அப்படி என்ன சண்டை நடந்துடப்போகுது?"

சண்டை எதுவும் நடக்கவில்லை. கண்ணாடியும் நிலைத்தது, பழக்கமும் நிலைத்தது. அவரைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அப்புறம் அவர் வாயாலும், அவர் மனைவியின் வாயாலும் கேட்டது. மனைவி சொன்னதில்தான் சுவை அதிகம்.

வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வார். வாரம் முழுக்க அவர் பார்வை ஒரு முழத்தைத் தாண்டாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு விடியும் முன்னே நீளத் தூண்டில்கோலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். கரையில் நின்றபடியே அலைக்கு அப்பால் வீசிப் பிடிக்கிற மீன்பிடி அது. குழாய்த் துண்டு ஒன்றை மணலில் ஊன்றி, கோலை அதில் நிறுத்திவிட்டால், அப்புறம் கோலின் நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை.

பல வருடம் அவர் அப்படித் தனியாக நின்றதில்லை. மனைவியின் அண்ணன் பக்கத்தில் இருந்தார். மச்சான்கள் இருவரும் சேர்ந்து பிடித்த மீனைவிட, சேர்ந்து விட்ட மீன்தான் அதிகம். கோல் நுனி ஆடினால் போதும், மச்சான் தொண்டை கிழியக் கத்துவார். "டேய், இழுடா! விட்றாதடா!" அந்தக் கத்தலிலேயே பாதி மீன் ஓடிவிடும். பிறகு மச்சான், மகள் வீட்டோடு இருக்கலாம் என்று ஊர் மாறிப் போனார். கடலே இல்லாத ஊர். அங்கே தண்ணீர் என்றால் குழாயில் வருவதுதான். போனில் பேசினால் சர்க்கரை எவ்வளவு, கொதிப்பு எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் பெரிய மீன் பிடித்த நாளும் உண்டு. இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். மீன்கூட அவரை ஒரு மாதிரி பார்ப்பதாகத் தோன்றும்.

"மீனு வேணும்னா மார்க்கெட்ல இருக்கு. உங்களுக்கு வேண்டியது ஆளு. அதை எங்க போய் வாங்குறது?" என்பார் மனைவி.

அந்த ஆள் ஆசையில்தான் அவர் இணையத்தில் கரைத்தூண்டில்காரர்களின் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவர் 'ஈரக்கால்'. இன்னொருவர் 'வெறுங்கை', பல் டாக்டர், வாய் சும்மா இருக்காது. குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: 'எங்கே பிடித்தீர்கள்?' என்று எவரும் கேட்கக் கூடாது. பட்டுப்புடவை கட்டிவந்த பெண்ணிடம் வயதைக் கேட்பதைவிடப் பெரிய குற்றம் அது. விவரம் தெரியாமல் புதிதாக வந்தவர் கேட்டுவிட்டால், "தண்ணிக்குள்ளதான்" என்று பதில் வரும். படம் போடும்போதும் தொடுவானம், கட்டடம், பாறை எதுவும் தெரியாமல் வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள். நல்ல இடம் ஒன்று அமைவது அவ்வளவு அரிது. ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

குழுவில் 'ஒற்றைக்கோல்' என்று ஒருவர் இருந்தார். அதிகம் எழுத மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு படம், கீழே ஒரு வரி. ஒருநாள் அவர் போட்ட படத்தில் மணலும் மீனும் தவிர எதுவும் இல்லை. ஆனால் மீனின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. மேலே போய், வளைந்து, மறுபடி தன் மேலேயே முறுக்கிக்கொண்ட ஒரு கம்பியின் நிழல்.

ஈரக்கால் எழுந்துபோய்க் கடையின் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. கைவிடப்பட்ட நீரேற்றும் கட்டடத்தின் இடிந்த சுவரிலிருந்து துருத்தி நிற்கும் கம்பி அது. அவரும் மச்சானும் தேடித் தேடிக் கண்டுபிடித்த இடம். அதற்கு நேரே கடலுக்குள் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அலை அங்கே உடையாது, தண்ணீர் கருத்துக் கிடக்கும், மீன் வந்து ஒதுங்கும். செவ்வாய்க்கிழமை இவர் நிற்கிற அதே மணலில் வெள்ளிக்கிழமை ஒற்றைக்கோல் நிற்கிறார்.

கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு மகிழ்ச்சி வந்தது. மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"நல்ல குடித்தனம்தான்! ஒரே வீடு, ஒருத்தர் உள்ள வந்தா ஒருத்தர் வெளிய. அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"எங்கன்னு கேக்குறதே தப்பு. எங்கன்னு எனக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றது? உங்க வீட்டுச் சாவி என்கிட்டயும் ஒண்ணு இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கும்."

"அப்ப பூதக்கண்ணாடியிலயே பாத்துட்டு இருங்க."

அவர் அதைத்தான் செய்தார், வாரா வாரம். ஒற்றைக்கோல் எந்த இரை போடுகிறார், எந்த முடிச்சு போடுகிறார் என்பதெல்லாம் அத்துப்படி ஆனது. வீட்டில் மச்சானைப் பற்றிய பேச்சு குறைந்து, பார்த்தே இராத ஒருவரைப் பற்றிய பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. குழுவில் எழுதினார்: 'எத்தனை நாள்தான் எழுத்திலேயே பேசிக்கொள்வது? எல்லாரும் ஒருநாள் கடற்கரையில் கூடுவோமா?'

ஆளாளுக்குத் துள்ளிக் குதித்தார்கள். ஈரக்கால் நாளைச் சொன்னதும் துள்ளல் நின்றது.

"வெள்ளிக்கிழமையா? ஞாயித்துக்கிழமைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார் வெறுங்கை.

"வெள்ளிக்கிழமை நீர் நல்லா இருக்கும்."

வெறுங்கை விடவில்லை. ஏற்ற வற்றக் கணக்கை எடுத்துப் போட்டார். "அன்னிக்குக் காலையில கடல் வத்திக் கிடக்கும் தலைவா. நாம தூண்டில் போட வர்றோமா, சிப்பி பொறுக்க வர்றோமா?"

"மீன் கிடக்கட்டும். ஆளுங்க சந்திக்கிறதுதானே முக்கியம்."

"அப்ப எங்க வீட்டு மொட்டை மாடிக்கே வாங்களேன். அங்கயும் தண்ணி கிடையாது."

பிடிவாதத்தில் ஈரக்கால்தான் வென்றார். கடை முதலாளியிடம் அந்த வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டார். கேட்டதோடு நிற்காமல், இனிமேல் வார விடுமுறையையே வெள்ளிக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டுவைத்தார். "கூட்டம் வர்ற நாளு அது. பார்க்கலாம்" என்றார் முதலாளி.

நாள் முடிவானது. இடம்? தேதிக்கு அவ்வளவு பேசினவர்கள் இடம் என்று வந்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். எல்லாரிடமும் நல்ல இடம் இருந்தது, யாரும் தரத் தயாராக இல்லை. "கூட்டினவர்தான் இடம் சொல்லணும்" என்று அவர் தலையிலேயே கட்டினார்கள்.

அவர் மனதில் இருந்தது ஒரே இடம்தான். முறுக்கிய கம்பி, கருத்த பள்ளம், பக்கத்துப் பக்கத்தில் ஊன்றிய இரண்டு கோல்கள். அந்த இரண்டாவது கோலை அவர் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளில் கற்பனையில் ஊன்றிப் பார்த்திருக்கிறார். இடத்துக்கு வழி சொல்லி எழுதியும் விட்டார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது தனிச்செய்தி ஒன்று வந்தது. ஒற்றைக்கோல்.

'அண்ணே, வெள்ளிக்கிழமைன்னா எனக்கு லீவு. கண்டிப்பா வர்றேன். எந்த இடம்னாலும் சரி. ஒரே ஒரு இடம் மட்டும் வேண்டாம். எதுன்னு சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.'

ஈரக்கால் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது. 'கவலைப்படாதீங்க, அங்க இல்ல' என்று எழுதி, அழித்தார். 'புரியுது' என்று எழுதி, அதையும் அழித்தார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவி, "எதுன்னே தெரியாம சரின்னு சொன்னாலும் தப்பு, தெரிஞ்சு சொன்னாலும் தப்பு. உங்க ஆளுங்களுக்கு மீனே தேவலாம்" என்றார்.

எழுதிவைத்திருந்ததை நீக்கிவிட்டு, ஊரார் காற்று வாங்குகிற பெரிய கடற்கரையின் பெயரைப் போட்டார். வண்டி நிறுத்த இடம் உண்டு, கழிப்பறை உண்டு, ஊஞ்சல்கூட உண்டு.

"அங்க கடைசியா மீன் பிடிச்சவருக்குச் சிலை வச்சிருப்பாங்க, அதுக்குப் பக்கத்துல நிப்போம்" என்று வெறுங்கை எழுதினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். ஒருவர் பின் ஒருவராக வந்து, "நீங்கதான் அவரா? எழுத்துல உயரமா இருந்தீங்களே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வெறுங்கை பேருக்கேற்றபடி இரையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். "பல்லுன்னா பிடுங்கிடுவேன். மீனு வாயே திறக்க மாட்டேங்குதே" என்று ஒவ்வொருவரிடமும் இரை கடன் கேட்டார். கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது.

ஒற்றைக்கோல் கடைசியாக வந்தார். பெரிய உடம்பு, நாற்பது வயது இருக்கும், மெதுவான நடை. பெயரைச் சொல்லித் தலையாட்டிவிட்டு, எல்லாரையும் தாண்டிப்போய்க் கடைசியில் கோலை ஊன்றினார். ஈரக்கால் பேச்சை முறித்துக்கொண்டு தன் குழாயைப் பிடுங்கினார். "இங்க மண்ணு இறுகிப்போச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அந்தக் கடைசிக்கு அடுத்த இடத்தில் ஊன்றினார். 'உங்க படத்துல ஒரு நிழல் பாத்தேன் தம்பி, அது எனக்கும் தெரிஞ்ச நிழல்தான்.' வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. பிளாஸ்கில் இரண்டு பேருக்குத் தேநீரும் இருந்தது.

ஒற்றைக்கோல் நகரப் பேருந்து ஓட்டுநர். கடலைப் பார்த்தபடியே பேசினார்.

"இடம் மாத்தினதுக்கு நன்றிண்ணே."

"நான் எங்க மாத்தினேன்? முதல்லயே இதுதான்."

"என்னமோ பயந்துட்டேன். என் இடத்துக்கு ஏற்கெனவே இன்னொருத்தன் வர்றான். ஆளைப் பாத்ததில்ல. அறுந்த நைலானை மணல்ல விடாம, அழகா சுருட்டிக் கம்பியில மாட்டிட்டுப் போவான். முதல்ல பாத்தப்ப வயிறு எரிஞ்சுது."

ஈரக்காலுக்குக் காது சுட்டது. "சுருட்டி வைக்கிறான்னா நல்லவனாத்தான் இருப்பான்."

"நல்லவன்தாண்ணே. அதான் பயமே. கெட்டவன்னா ஒரு சத்தம் போட்டு விரட்டிடலாம். நல்லவன் வந்து பக்கத்துல நின்னா பேசணும். டீ குடுப்பான். வாங்கிக் குடிக்கணும்." சொன்ன பிறகுதான் பிளாஸ்கைக் கவனித்தார். "ஐயய்யோ, உங்களைச் சொல்லலண்ணே. இங்க வேற."

"தெரியுது, தெரியுது. குடிங்க."

"பஸ்ல நாள் பூரா முதுகுக்குப் பின்னாடி ஆளுங்க. இறங்கணும், நிறுத்து, ஏன் நிறுத்தல. வீட்டுக்குப் போனா அம்மா, அக்கா, அக்கா பசங்க. வாரத்துல அந்த ஒரு காலையிலதான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அங்க ஒரு ஆள் வந்து நின்னுட்டா, அப்புறம் எனக்குப் போக்கிடம் இல்ல."

"அப்ப இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

ஓட்டுநர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "வருஷத்துக்கு ஒருநாள்னா தாங்கும்ணே."

நாக்கு நுனியில் இருந்ததை ஈரக்கால் தேநீரோடு சேர்த்து விழுங்கினார். சூடாகத்தான் இறங்கியது.

அப்போது அவருடைய கோல் நுனி வெடுக்கென்று வளைந்தது. அவர் கவனிக்கவில்லை. ஓட்டுநர்தான் கவனித்தார். வாரத்தில் ஒரு காலையாவது வாய்திறக்காமல் இருக்க விரும்புகிற அந்த மனிதர், கடற்கரையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"அண்ணே! அண்ணே, இழுங்க! விட்றாதீங்க! விட்றாதீங்கண்ணே!"

ஈரக்கால் பாய்ந்து கோலைப் பிடித்தார். கனத்தது. ஓட்டுநர் தண்ணீருக்குள் முழங்கால்வரை ஓடி, நைலானைக் கையால் பிடித்துக் கரைக்கு நடந்தார். கூட்டம் சேர்ந்தது. கடைசி அலை இழுத்துவந்து போட்டது ஒரு பெரிய பாசிக் கொத்து. "சமைக்கலாம், முள்ளு கிடையாது" என்றார் வெறுங்கை. ஓட்டுநர் தலைக்கு மேல் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். ஈரக்காலும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். கடல் காற்று என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி கேட்டார். "சொன்னீங்களா?"

"சொல்லல."

"பயமா?"

"இல்ல. அவருக்கு வேண்டியது அந்த இடம். எனக்கு வேண்டியது அவரு. நான் சொன்னா ரெண்டுமே கெட்டுடும்."

மனைவி அதற்கு மேல் கேலி செய்யவில்லை. ஈரத் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறு மாதம் முதலாளி அவரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது, கேட்டபடி விடுமுறையை மாற்றிக்கொள்ளலாம் என்றார். கண்ணாடிக்காரர் கையில் இருந்த வில்லையைத் தேய்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேண்டாங்க. செவ்வாயே இருக்கட்டும்."

"நீதானேய்யா கேட்ட?"

"கேட்டேன். இப்ப வேண்டாம்."

இப்போதும் அவர் அதே கடையில், அதே பின்பக்க அறையில் வில்லை தேய்க்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் தனியாகக் கடலுக்குப் போகிறார். பேருந்து ஓட்டுநர் வெள்ளிக்கிழமைகளில் தனியாகப் போகிறார். இந்த வருடக் கூட்டமும் மீனே கிடைக்காத அந்தப் பெரிய கடற்கரையில்தான். ஏற்பாடு அவருடையது, வருவதாக இதுவரை ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள்.