மூப்பர் குரலில் ஓடிய அப்பா

சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற வேலைக்குப் பக்தி தேவையில்லை, தொண்டை போதும். மைக் முன்னால் நிறுத்தப்பட்டு, "சத்தமா வாசி கண்ணு" என்று முதுகில் கிள்ளு வாங்கிய என் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சர்ச் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. பாஸ்டர் ஏழெட்டு கிராமங்களையும் பார்க்க வேண்டியிருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்குக் கிடைப்பார். மற்ற ஞாயிறுகளில் சபைக் காரியங்களைப் பார்க்கிற பெரியவர் தேவசகாயம் மூப்பர் ராஜ்ஜியம். எனக்குக் குரல் உடைந்ததும், உடைந்த துண்டுகளை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரையும் போலப் பேச ஆரம்பித்தேன். மூப்பர் காதுக்கு அது எட்டிவிட்டது. "இவன் வாயை ஏதாவது நல்ல காரியத்துல கட்டிப் போடுங்க" என்று என்னை வாசிக்க நிறுத்தினார். ஆகவே இனி நடந்ததற்கெல்லாம் அவரே பொறுப்பு.

உள்ள போ, உள்ள போ

முதல் மாதமே செங்கடல் பிளந்த பாடம் வந்தது. வேதத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. ராகத்தை மட்டும் மாற்றினேன். கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டர் வேலு, படியில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளுகிற அதே ராகத்தில், இஸ்ரவேல் ஜனங்களைக் கடலுக்குள் ஏற்றினேன். கடைசி ஆள் கரையேறியதும் வாசிக்கிற மேஜையை இரண்டு தட்டு தட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது.

உள்ளே எல்லாரும் கைக்குட்டையில் சிரித்தார்கள். வாய்விட்ட சிரிப்பு வந்தது வெளியே வராந்தாவிலிருந்து. அங்கே செருப்புகளுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தது சுகந்தி அக்கா. மூப்பருடைய ஒரே மகள், கண்டக்டர் வேலுவின் பெண்டாட்டி. வேறு மதத்தில் கல்யாணம் செய்தவர்களுக்குத் திருவிருந்து கிடையாது என்று, எப்போதோ யாருடைய பிள்ளைக்காகவோ சட்டம் போட்டவர் மூப்பர்தான். அந்தச் சட்டம் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்ததும், அப்பமும் இல்லை ரசமும் இல்லை, உள்ளேயே வராதே என்று மகளுக்கு ஒரு படி ஜாஸ்தியாகவே போட்டார். குழந்தைக்கு ஞானஸ்நானமும் கிடையாது. அக்காவோ ஒரு ஞாயிறு விடாமல் வந்து வெளியே உட்காரும்.

மகள் சிரித்த சத்தம் மூப்பர் காதிலும் விழுந்தது. ஆராதனை முடிந்து என்னிடம் வந்து தொண்டையைக் கனைத்தார். அவர் எதைச் சொன்னாலும் முன்னால் இரண்டு கனைப்பும் ஓர் 'அதாவது'வும் வரும். "அதாவது தம்பி, மோசே தேவனுடைய தாசன். விசில் ஊதறவன் இல்ல."

கள்ளனுக்கு நேரமில்லை

பாஸ்டர் வருகிற ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு உபதேச வகுப்பு நடக்கும். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே அச்சடித்துக் கொடுத்திருப்பார். மோட்சத்துக்குப் போக என்னென்ன வேண்டும் என்று கேட்டார். ஞானஸ்நானம், உபதேசம், திடப்படுத்தல், திருவிருந்து என்று பாஸ்டருடைய மூக்கடைத்த குரலிலேயே ஒப்பித்தேன். அவர் தலையாட்டினார். தன் குரல் யாருக்குத்தான் தெரிகிறது!

"அப்போ சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளனுக்கு இதுல எது இருந்துச்சு ஐயா? நேரா போயிட்டானே?" என்றேன். "அவனுக்கு நேரம் இல்லப்பா" என்றார். "நேரம் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க, இல்லீங்களா?" என்று கேட்டுவைத்தேன். பாஸ்டர் புத்தகத்தை மூடினார். "உனக்குக் குடுத்தது வாசிக்கிற வேலை. யோசிக்கிறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

சாயங்காலக் கூலி

சர்ச் கூரையில் இருக்கிற குழாய் ஸ்பீக்கர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மனந்திரும்பட்டும் என்கிற ஏற்பாடு. அதனால் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஞாயிறு திராட்சைத் தோட்டக்காரர் கதையை வாசித்தேன். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தாரே, அந்தத் தோட்டக்காரர். அவருக்கு வேர்க்கடலை மண்டித் தரகர் குரல் கொடுத்தேன்; எங்கள் ஊரில் அது மல்லாட்டை.

முடித்துவிட்டு பாய் கடைக்கு டீ குடிக்கப் போனால், கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் என்னையே பிடித்துக்கொண்டார். "இன்னா நாயம் இது? இப்படிக் குடுத்தா மல்லாட்ட புடுங்க நாளைக்கு எவன் காலையில வருவான்?" பாஸ்டர்கூட இந்தக் கதைக்கு 'பரலோக ரகசியம்' என்று சொல்லி நழுவிவிடுவார். விவசாயியோடு வந்திருந்த களை எடுக்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது: "சாயங்காலம் வந்தவளுக்கும் ராத்திரியில பசிக்குமில்ல?"

அந்த ஞாயிறு சர்ச்சுக்குள் நடந்த பிரசங்கம் எனக்கு நினைவில் இல்லை. வெளியே நடந்ததுதான் இருக்கிறது.

வெள்ளைக்காரருக்கு முன்வரிசை

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஒருநாள் வழி தவறி எங்கள் சர்ச்சுக்குள் வந்துவிட்டார். காவி வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், நெற்றி நிறைய விபூதி. அன்று பாஸ்டரும் இருந்தார். மூப்பர் ஓடிப்போய்த் தன் மேல்துண்டால் முன்வரிசை நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்தார். திருவிருந்து நேரத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் ஆளாக முழங்காலிட வைத்தார். நீ எந்தச் சபை, யாரைக் கட்டினாய், விபூதி எதற்கு, ஒரு கேள்வியும் இல்லை. அவரும் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் வாசித்த வரையில் இயேசு யாரையும் பந்தியிலிருந்து எழுப்பவில்லை. எழுப்பப்பட வேண்டியவர்களோடுதான் தேடிப்போய் உட்காருகிறார். ஆனால் கதவுக்கு வெளியே இருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த என்னிடம் சுகந்தி அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டது: "ஏன்டா, நானும் அடுத்த வாரம் நல்லா பவுடர் அடிச்சினு வரட்டுமா?"

ஓடாத மனுஷன்

அடுத்து பாஸ்டர் வந்த ஞாயிற்றுக்கு வீட்டை விட்டு ஓடிப்போன மகன் கதை. குழந்தைக்காவது ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பாஸ்டர் கேட்டதற்கு, "அதாவது, தாயே வெளியன்னா புள்ள எப்படி உள்ள?" என்று மூப்பர் முடித்துவிட்டார். அந்தக் கோபத்தில் நான் ஒரு திட்டம் போட்டேன். கதையில், திரும்பி வந்த தம்பிக்கு அப்பா வைக்கிற விருந்துக்கு வரமாட்டேன் என்று வெளியே முறுக்கிக்கொண்டு நிற்கிற மூத்த மகனுக்கு மூப்பர் குரல். சபையே சிரிக்க வேண்டும்.

வாசிக்கும்போது மூத்த மகன் வருவதற்கு முன்னாலேயே அப்பா வந்துவிட்டார். தூரத்தில் மகனைப் பார்க்கிறார். அந்த இடத்தில் என் தொண்டை தானாக இரண்டு தடவை கனைத்தது. வந்தது மூப்பர் குரல். மழையில்கூட ஓடாத மனுஷனை, வேட்டியைத் தூக்கிக்கட்டித் தெருவில் ஓடவிட்டேன். முதலில் சிரித்தார்கள். செத்துப்போன என் பிள்ளை திரும்ப வந்துவிட்டது என்று அந்தக் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கத்தியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

மூப்பர் எழுந்தார். கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டி வராந்தாவுக்குப் போனார். "வெயில் ஏறுது. புள்ளைய எடுத்துனு உள்ள வா" என்றார். சுகந்தி அக்கா அசையவில்லை. "அங்க பேசனது அந்தப் பையன்பா. நீங்க சொல்லுங்க" என்றது. மூப்பர் கனைத்தார். "அதாவது..." என்றார். குழந்தையை வாங்கிக்கொண்டு, மறு கையால் மகளைப் பிடித்து, நடுவழியாக நடத்திக் கொண்டுவந்து பாஸ்டர் முன்னால் நிறுத்தினார்.

பாஸ்டர் அப்பத் தட்டோடு தயங்கினார். "மூப்பரே, சட்டம் நீங்க போட்டதுதானே?" மூப்பர் முழங்காலிட்டார். மகளையும் இழுத்துப் பக்கத்தில் முழங்காலிட வைத்தார். "மொதல்ல அவளுக்குக் குடுங்க. இல்லன்னா எனக்கும் வேணாம்."

அடுத்த வாரமே என்னை எடுத்துவிட்டு மூப்பருடைய தம்பி மகனை வாசிக்க வைத்தார்கள்; அவன் கடவுளிலிருந்து கழுதை வரைக்கும் எல்லாரையும் ஒரே குரலில் வாசிக்கிறான், அதனால் எங்கள் சபையில் இப்போது யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை.