ரெண்டு பேருக்கும் ஒரே பச்சை

மழை என்பதால் வீட்டுக்குள்ளேயே கட்டிய கொடியில் சகாதேவன் ரேவதியின் புடவையைப் போட்டான். அரைகுறையாகப் பிழிந்த புடவை, தரையெல்லாம் சொட்டியது. வலது கையில் மாவுக்கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தவள், "ஆக்சிலேட்டரை மட்டும் நல்லா முறுக்கத் தெரியுதில்ல" என்றாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை பிடுங்கி வளர்ந்தவள் ரேவதி. கல்யாணமாகி வந்ததிலிருந்து செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறை பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றுகிறாள். வெள்ளைக்காரர்கள் பேசுவது பாதிதான் புரியும். விட்டுப்போகிற அழுக்கு முழுசாகப் புரியும். தினமும் காலையில் சகாதேவன்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விடுவான். ஆனால் சிக்னலுக்கு இந்தப் பக்கமே இறக்கிவிடுவான். சுற்றிப் போனால் சவாரி போய்விடுமாம்.

போன வாரம், நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்த பிறகுதான் அவள் ரோட்டில் கால் வைத்தாள். இடப்பக்கம் திரும்புகிற வண்டிகளுக்கும் அதே பச்சைதான். கோபியின் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி அவளை இடித்துத் தள்ளியது. கோபி, சகாதேவனின் ஸ்டாண்டுக்காரன். அவனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான், ஆப்பிள் வாங்கி வந்தான். "ஹாரன் அடிச்சேனே அண்ணி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

நடக்கிறவர்கள் கடந்து முடிக்கும்வரை திரும்புகிற வண்டிகளுக்குத் தனியாகச் சிவப்பு போடலாமா என்று நாளைக்கு நகராட்சியில் கூட்டம். கூடாது என்று ஸ்டாண்டு சார்பில் பேசப் போகிறவன் சகாதேவன்.

"பௌர்ணமி அன்னிக்கு நிறுத்திப் பாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி நிக்கும்."

"நிக்கட்டுமே. கிரிவலம் நடக்கிறவங்க ஜாஸ்தியா, உங்க வண்டிங்க ஜாஸ்தியா?"

"ஒருத்தன் நின்னா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான்."

"ஹாரன்ல செத்தவன் எவனும் இல்ல. டயர்லதான் சாவுறாங்க."

அவன் அடுத்த துணியை உதறினான். "கோபி செய்யவேண்டியதைச் செஞ்சுட்டான். கேஸ் வேணாம்னு நீயேதான சொன்ன?"

"அவன் மேல கேஸ் போட்டா சிக்னல் திருந்திடுமா? நாளைக்கு நானும் வரேன். இந்தக் கையைக் காட்டிப் பேசப் போறேன்."

"நீ வந்தா ஸ்டாண்டுல நான் எப்படி மூஞ்சியைக் காட்டுறது? பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன்னு சிரிப்பானுங்க."

ரேவதி இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றாள். வலியைவிடக் கோபம் முன்னால் வந்தது.

"சிரிக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தத் திருப்பத்துல நாள் முழுக்கத் திரும்புறீங்க. குறுக்க ஆள் நடக்குதுன்னு என்னிக்காவது வண்டியை நிறுத்தியிருக்கீங்களா?"

சகாதேவன் ஈரக்கையை லுங்கியில் துடைத்தான். அவளைப் பார்க்காமல் வெளியே போனான்.