ஏழு கோமகன்களும் ஒரு பங்குக் கிணறும்

ஜெர்மனியில், துரிங்கியாவில் ஒரு கோமகனின் பழைய அரண்மனையில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடமும் நானும் பாதியிலேயே பிரிந்துவிட்டோம். கவலை அதற்கா எனக்கா என்று இன்னும் தெரியவில்லை. எனக்கோ வழிகாட்டியாக வேண்டும். பார்வையாளர்களைக் கூட்டிப்போய் ஓவியங்களைக் காட்டிக் கதை சொல்லும் வேலை அது. அதற்கான தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவதுதான் கடைசி.

இரண்டு முறையும் விழுந்தது ஒரே இடத்தில். ஒரு கோமகன் கண்ணை மூடிய பிறகு, அவருடைய ஏழு மகன்களும் நாட்டைப் பங்கு பிரித்தார்கள். எந்தத் துண்டு எவருக்கு என்பதில் திக்கினேன். மீசைக்கும் இஸ்திரி போட்டு வருகிற தலைமை வழிகாட்டி சொன்னார்: "இது எங்கள் வரலாறு. உனக்குத் துடைப்பம் நன்றாகப் பொருந்துகிறது."

"வரலாறு உங்களுடையது, அதிலுள்ள தூசு மட்டும் என்னுடையதா?" என்றேன்.

தரை கீறாமலிருக்கப் பார்வையாளர்கள் சப்பாத்துக்கு மேல் மாட்டும் கம்பளிச் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார், என்னோடு துப்புரவு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா.

"என்னடா, ராசா மாதிரி மூஞ்சையை நீட்டி வைச்சிருக்கிறாய்? விட்டுத்தள்ளு. செருப்படுக்கவும் ஆள் வேணும்."

"இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒருநாள் என்ர பின்னால வருவியள், பாருங்கோ."

"வாறன், வாறன். முதல்ல ஏழுவரைக்கும் எண்ணப் பழகு."

அந்த ஞாயிறு வீட்டில் வழக்கமான சண்டை. யாழ்ப்பாணத்துக் காணியை நான் கண்ணால் கண்டதில்லை, காதால் அளந்திருக்கிறேன். சித்தப்பாவோடு அப்பா தொலைபேசியில் கத்தினார்: "வேலிக் கதியாலைத் தள்ளி நட்டிட்டு எனக்குச் சட்டம் கதைக்கிறியோ? கிணறு எல்லாருக்கும் பங்கு. அதைச் சுத்தி வேலி அடைக்க ஏலாது!"

சோற்றுக் கையைக் கழுவிவிட்டுக் கொப்பியை எடுத்தேன். ஏழு கோமகன்களுக்கும் தாளில் வேலி போட்டேன். மூத்தவருக்குப் பெரிய துண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நடுவே போய்வர ஒழுங்கை விட்டேன், வேலிக்கு வேலி படலை வைத்தேன். அந்த வம்சத்தின் கிளைகளெல்லாம் பிரிக்க முடியாமல் பொதுவில் வைத்திருந்த யேனா பல்கலைக்கழகத்தின் இடத்தில் ஒரு கிணறு வரைந்தேன்.

தேர்வன்று பார்வையாளர் பன்னிரண்டு பேர். தலைமை வழிகாட்டி கோப்போடு பின்னால் நின்றார். வேலியில் தொடங்கினேன்.

"இது அரச வம்சம், ஊர்ச் சண்டையில்லை" என்று குறுக்கிட்டார்.

"ஊர்ச் சண்டைதான். வேலிக்குக் காவல் நிற்க இவர்களிடம் சிப்பாய்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்."

கூட்டம் சிரித்தது. ஒரு பெண்மணி, "கிணறு யாருக்குப் போனது?" என்று கேட்டார்.

"யாருக்கும் போகவில்லை. அதனால்தான் வற்றவில்லை" என்றேன். பிறகு ஏழு துண்டையும் ஏழு பேருக்கும் ஒரு திக்கல் இல்லாமல் பிரித்துக் கொடுத்தேன்.

தலைமை வழிகாட்டி பிழை தேடினார். கிடைக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தேறிவிட்டாய். ஆனால் இனி வேலியும் கிணறும் வேண்டாம். எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்."

சனிக்கிழமை என் முதல் சுற்று. கடைசி வரிசையில் அக்கா, லீவு நாளில், கம்பளிச் செருப்போடு.

"ஏழும் சரியோ எண்டு எண்ண வந்தனான்."

வாசலில் தலைமை வழிகாட்டி கைகட்டி நின்றார். நான் அவருக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமினேன்.

"வாருங்கள்," என்றேன், "முதலில் வேலியைப் பார்ப்போம்."