தண்ணீரும் வார்த்தையும்

பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு உள்ளே வருவார் செல்மா போத்ராட்ஸ். நீட்டிய கையைப் பற்ற மாட்டார். நேரே குழந்தை கிடக்கும் அறைக்குப் போய், சுவரைத் துழாவி, எரிந்துகொண்டிருக்கும் பல்பை அணைப்பார். பிறகுதான் சமையலறைக்குத் திரும்பி ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார்.

"பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? என் பண்ணையில கோழிக்குப் போடுவேன், நிறைய முட்டை விடணும்னு. உங்க பிள்ளை முட்டையா விடப்போவுது?"

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை இருக்கும் வீட்டில் இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும். தாயும் பிள்ளையும் கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டைத் தாண்டக் கூடாது. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கெட்டது எதுவோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். கடல் தாண்டி வந்து இந்த மலையில் குடியேறிய பொமரேனியர் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை, செல்மாவைத் தவிர. அவர் தொட்டிலைப் பார்த்துச் சத்தமாகப் பெயரைக் கேட்பார். வீட்டார் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

போதகருக்கு மலை முழுக்கச் சிற்றாலயங்கள். எல்லா வீடுகளுக்கும் அவரால் ஏற முடியாது. அதனால் ஞானஸ்நானத்துக்குக் குடும்பங்களை ஆயத்தப்படுத்தும் வேலையைச் சபை செல்மாவிடம் விட்டிருக்கிறது. முட்டை அட்டைகள் குலுங்கும் பழைய வண்டியில் வருவார். சட்டையில் கோழித்தீவன வாசனை. வாழையிலையில் சுட்ட சோள ரொட்டியை யாரும் சொல்லுமுன் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்லி, பிள்ளையின் தகப்பனைக் கூப்பிடுவார்.

"குடி."

அவன் குடிப்பான்.

"ஞானஸ்நானம் ஆயிடுச்சா?"

எல்லோரும் சிரிப்பார்கள். காலித் தம்ளரை அவன் தலைமேல் பிடித்து, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்பார். "இப்ப ஆயிடுச்சா?"

இப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"வார்த்தை இல்லாத தண்ணி வெறும் தண்ணி. தண்ணி இல்லாத வார்த்தை வெறும் காத்து. ரெண்டும் சேர்ந்துட்டா ஒரு தடவை போதும். அதை அழிச்சுட்டுத் திரும்பச் செய்யப் பாஸ்டராலயும் ஆகாது, பிஷப்பாலயும் ஆகாது."

பாடம் இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் கோபம். பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன் பீர்ப் பீப்பாயைப் பற்றி விசாரிப்பவர்கள், மாட்டு மந்தையின் அளவைப் பார்த்து, பிள்ளையை ஏந்த ஞானத்தகப்பனைத் தேடுபவர்கள், எல்லோருக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ள ஏதாவது இருக்கும். குளிருக்குத் தண்ணீரைச் சுடவைக்கலாமா என்று ஒருவன் கேட்டுவிட்டான். "உன்னை ஆத்துல முக்கச் சொல்லலையேன்னு சந்தோஷப்படு" என்றார். அது சிறு கோபம். பெருங்கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, தாழும். காது மடல்கள் சிவக்கும். கையிலிருக்கும் ரொட்டி பொடியாகும்.

டெஷ் வீட்டுச் சமையலறையில் அந்த ரொட்டி பொடியானதை ஜில்மார் பார்த்தான். அவனுடைய பிள்ளைக்கான ஆயத்தம்தான் அது. மலையை மூடுபனி விடாமல் பிடித்திருந்த ஜூலை மாதம்; இங்கே அதுதான் குளிர்காலம். ஈஸ்டருக்குப் பிள்ளை பிறந்து வந்ததிலிருந்து அவன் மனைவி ரோசெலி வாசலைத் தாண்டவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. அதைச் சொல்ல வேண்டுமென்று தினமும் அப்பாவின் முன்னால் போய் நிற்பான். நாய்க்குச் சோறு வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவான்.

விளக்கை அணைக்கப் போன செல்மா அறையிலிருந்து வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது காதுகள் சிவந்திருந்தன. யாருக்கும் கை கொடுக்கவில்லை. உட்கார்ந்து ரொட்டியை எடுத்தார்.

"பிள்ளைக்கு மூச்சு இழுக்குதே. எப்பருந்து?"

ரோசெலி மாமனாரைப் பார்த்தாள். ஆர்னோ டெஷ் பதில் சொன்னார்: "சளிதான். பனிக்காலத்துல வராதா?"

"டாக்டர்?"

"கோயிலுக்குப் போகாத பிள்ளை வேற எங்கயும் போகக் கூடாது. நீ அறியாததா? ஆஸ்பத்திரியில பொறந்து வந்தது வேற. வாசல் தாண்டி உள்ள வந்தாச்சு. இனி வெளிய போனா கோயிலுக்குத்தான்."

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத் தூக்கிட்டு வா."

"வால்டெமர் டிசம்பர்லதான் ரொண்டோனியாவுலேருந்து அவ்வளவு தூரம் வர்றான். என் தம்பிதான் ஞானத்தகப்பன். சொல்லியாச்சு. விருந்துக்குக் காளையும் கட்டியாச்சு."

"காளை காத்திருக்கும். அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ஆர்னோ தனியாகச் சிரித்தார். "மருமக முன்னால என்னைக் கிண்டல் பண்ணாத, செல்மா. நீயும் நானும் ஒண்ணா ஞானோபதேசம் படிச்சவங்க."

"நான் படிச்சேன். நீ என் பக்கத்துல உக்காந்திருந்தே."

ரொட்டித் துகள்களை உள்ளங்கையால் கூட்டி ஓரமாக ஒதுக்கினார். அடுத்துப் பேசியது ஜில்மாருக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. அவ்வளவு தாழ்ந்த குரல்.

"ரோசெலி, பிள்ளையத் தூக்கிட்டு வாம்மா."

அவள் தூக்கி வந்தாள். செல்மா எழுந்து, விறகடுப்பின் ஓரத்திலிருந்த கெட்டிலைக் கையிலெடுத்தார்.

"காப்பியா போடப்போற?" என்றார் ஆர்னோ.

"உயிருக்கு ஆபத்துன்னா பாஸ்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஞானஸ்நானம் வாங்கின யாரும் கொடுக்கலாம். முட்டைக்காரியும் கொடுக்கலாம். நீ தூங்கின அன்னிக்கு நடத்தின பாடம் இது. இப்ப ஊத்துறேன். அதோட முடிஞ்சுது. டிசம்பர்ல உன் தம்பி வருவான், காளைக்கறி தின்னுட்டுப் போவான். ஞானத்தகப்பன் மட்டும் ஆக முடியாது."

"நீ செய்ய மாட்டே."

"இல்லன்னா இப்பவே டாக்டர்கிட்டப் போகட்டும். உன் விருந்து உன்கிட்டயே இருக்கட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லு." ஆர்னோ கையைக் கட்டிக்கொண்டார். செல்மா ரோசெலி பக்கம் திரும்பினார். "பேரைச் சொல்லும்மா."

"லியாண்ட்ரோ" என்றாள் ரோசெலி. அந்த வீட்டில் அந்தப் பெயர் வாய்விட்டு ஒலித்தது அதுதான் முதல் தடவை. அவள் குரல் நடுங்கவில்லை.

"லியாண்ட்ரோ" என்றார் செல்மா. கெட்டிலின் மூக்கு பிள்ளையின் உச்சந்தலைக்கு மேல் வந்து நின்றது. மெல்லச் சாய்ந்தது. "பிதா..."

ஆர்னோவின் நாற்காலி பின்னால் விழுந்தது. "நிறுத்து. போய்த் தொலைங்க. டாக்டர்கிட்டயே போங்க. அது மட்டும் கோயில்லதான் நடக்கணும்."

ஜில்மார் பிள்ளையை வாங்கிக்கொண்டான். கூரைச் சொட்டின் கோட்டை எப்போது தாண்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. செல்மா கெட்டிலை இரண்டு கையாலும், தளும்பிவிடப் போகிறதென்பது போல, அடுப்போரம் திருப்பி வைத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் கியரை அடித்து அடித்து மாற்றினார்.

நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றாள் டாக்டர். இதுவரை எங்கே போயிருந்தீர்கள் என்று ஜில்மாரைக் கேட்ட கேள்வியில் நடைவழியே திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்குரிய திட்டு என்று அவனுக்குத் தெரியும். பாதி தனக்குரியது என்பதும் தெரியும். இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

பிள்ளை பிழைத்தது. டிசம்பரில் காளை வெட்டினார்கள். கோயிலில் வால்டெமர் கையில் கனத்துக் கிடந்த லியாண்ட்ரோ, தலையில் தண்ணீர் விழுந்ததும் ஊரே கேட்கக் கத்தினான். விருந்தில் அக்கார்டியன் ஓய்ந்த நேரம் பார்த்து ஆர்னோ தம்பியிடம் அளந்துகொண்டிருந்தார்: "இந்த முட்டைக்காரி சமையக்கட்டுலயே ஊத்தப் பார்த்தா. நான் பாய்ஞ்சு தடுத்தேன். இன்னும் ஒரு சொட்டு, உனக்கு ஞானப்பிள்ளையே இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்த செல்மாவின் காதுகள் சிவந்தன. காலிக் கோப்பையை ரோசெலியின் பக்கம் நீட்டினார்.

ரோசெலி கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜில்மாரும் பின்னாலேயே போனான். அதே கெட்டிலைக் குழாயடியில் பிடித்தபடி, குரலைத் தாழ்த்தி அவள் சொன்னாள். அன்றைக்குக் கெட்டில் காலியாக இருந்திருக்கிறது. பிள்ளைக்கு ஆவி பிடிக்க இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிவிட்டு, திரும்ப நிரப்ப அவளுக்கு மறந்துவிட்டது.

"கெட்டிலைத் தூக்கினப்பவே செல்மாக்காவுக்குத் தெரியும்" என்றாள் ரோசெலி. "என்னைப் பார்த்தாங்க. அப்புறந்தான் பேரைக் கேட்டாங்க."