டயர்க் கடையில் நான் சொன்ன ஓம்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்துக்கு வந்த புதிது. டேனிஷ் ஒரு சொல்லும் தெரியாது. விளங்காவிட்டாலும் எல்லோருக்கும் “ஓம், ஓம்” என்று ஆமாம் போடுவேன். அதுதான் மரியாதை என்று நினைப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கரவன் என்ற தன் பெரிய சக்கர வீட்டைக் காரின் பின்னால் பூட்டி விடுமுறைக்குப் புறப்பட இருந்தார். கரவனின் டயர்கள் தேய்ந்துபோயிருந்தன. அவருக்கு வேலை, எனக்கு வேலையில்லை. அவர் சைகையால் கேட்க, கழற்றிய சக்கரமொன்றைத் தெருமுனை டயர்க் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஒரு மெல்லிய டயரைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார்.

“ஓம், ஓம்” என்றேன்.

அவர் முதலிலிருந்து திரும்பச் சொன்னார். மறுபடியும் ஓம். மறுபடியும் அதே விளக்கம். ஐந்தாவது தடவை அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்கோ அழுகை முட்டியது.

கடைசியில் என் பெருவிரலைப் பிடித்து அந்த டயரின் பக்கவாட்டில் அழுத்தினார். அமுங்கியது. அது வெறும் கார் டயர், கரவனின் பாரத்தைத் தாங்காது. பிறகு இன்னொரு தடித்த டயரில் அழுத்தினார். அசையவில்லை. தடித்ததையே காட்டினேன்.

அறைக்கு வந்து சொன்னதும் கூட இருந்த சிநேகிதன் சிரித்தான்.

“அண்ணை, இவையின்ர பாஷையில ‘ஓம்’ எண்டால் ‘திருப்பிச் சொல்லு’ எண்டெல்லோ கேக்கும்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஓம் அந்தக் கடைக்காரருக்கு ஆமாம் என்று விளங்கியிருந்தால், அந்த மெல்லிய டயரில்தான் அந்தப் பிள்ளைகள் போயிருப்பார்கள்.

இன்றும் ஏதாவது விளங்காவிட்டால், என் வாய் முந்திக்கொண்டு ஓம் என்றுதான் சொல்கிறது.