பொம்மை வயிறும் என் வயிறும்

எனக்கு ஊசியென்றால் உயிர் போய்விடும். சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், ஏனென்றால் நான் மருந்தாளர். பட்டம் வாங்கி, நாலு காசு சம்பாதித்து, சும்மா இருக்க முடியாமல் மேற்படிப்புப் பயிற்சிக்காகக் கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில். வார்டில் டாக்டர் எழுதிய அளவு தப்பென்றால் முகத்துக்கு நேரே சொல்வேன். யாராவது ரத்தம் எடுக்க வந்தால் மட்டும் எனக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

அப்படியிருக்க, பேனா வடிவத்தில் இருக்கும் இன்சுலின் ஊசியைப் போட நோயாளிக்குக் கற்றுக்கொடுக்கும் தேர்வு வந்தது. நிஜ நோயாளி, பக்கத்தில் மார்க் போட மேற்பார்வையாளர். இடுப்பில் கட்டிக்கொள்ளும் ரப்பர் வயிறு ஒன்றை வாரம் முழுக்கக் குத்திக் குத்திப் பழகினேன். பாவம், அதில் நான் குத்தாத இடமே இல்லை.

எனக்கு வாய்த்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லோரி டிரைவர் அங்கிள். கூடவே அவர் மனைவி. காலில் புண் ஆறவே மாட்டேன் என்கிறது, இனி மாத்திரை போதாது, இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அங்கிளோ ஊசி வேண்டாம் என்று ஏற்கெனவே எழுந்து போனவர். இன்றைக்கும் போய்விட்டால் காலின் கதி என்ன என்று ஆன்டி கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினார். புண்ணை நானும் பார்த்திருந்தேன்.

"வலிக்கவே வலிக்காது அங்கிள். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"எந்த எறும்பு?"

எறும்பின் வகையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. "சின்ன எறும்புதான்" என்று சமாளித்துவிட்டு, ரப்பர் வயிற்றைக் கட்டிக்கொண்டு நறுக்கென்று குத்தி, பத்து எண்ணி எடுத்துக் காட்டினேன்.

"அது பொம்மை லா. அதுக்கு எப்படி வலிக்கும்? உன் வயித்துல குத்திக் காட்டு, நானும் போட்டுக்கறேன்."

"சும்மா இருங்க, படிச்ச புள்ளகிட்ட போயி..." என்று ஆன்டி அதட்டினார்.

மேற்பார்வையாளர் மலாய்க்காரப் பெண்மணி, தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். என் கெட்ட நேரம், மறைக்காமல் சொல்லிவிட்டேன். பிரமாதம், மருந்தில்லாமல் குத்திக் காட்டு என்று புது ஊசி மாட்டிய காலிப் பேனாவை நீட்டினார். நல்லா இருப்பாரா அவர்!

சட்டையை ஒதுக்கிக் கண்ணை இறுக மூடினேன். ஊசி தோலில் பட்டதா என்றே தெரியவில்லை, "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் வெளியே எண் கூப்பிடுகிற பெண் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். நான் சுவரோடு சாய்ந்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு. இந்த மனுஷன் இனி ஆயுசுக்கும் ஊசிப் பக்கம் வரமாட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கிள் பதறிப்போனார். "புள்ளைக்குத் தண்ணி குடு" என்று ஆன்டியை விரட்டிவிட்டு, மேசையிலிருந்த இன்னொரு காலிப் பேனாவை எடுத்தார். "இதுக்குப் போயா இப்படிக் கத்துவ? இங்க பாரு." புது ஊசியை மாட்டினார். தொப்பையைக் கிள்ளிப் பிடித்துக் குத்தினார். பத்து எண்ணி எடுத்தார். "பாத்தியா? ஒன்னுமே இல்ல."

மேற்பார்வையாளர் மார்க் போடும் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். ஆன்டி கையில் தண்ணீர்ப் போத்தலோடு அப்படியே நின்றார்.

அங்கிள் இன்சுலின் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ரகசியம் பேசுவதாக நினைத்து வாசலில் அவர் ஆன்டியிடம் சொன்னது அறை முழுக்கக் கேட்டது: "பாவம், ரொம்ப பயந்த புள்ள. தெனம் வீட்டுல போட்டு நல்லாப் பழகிட்டு, அடுத்த மாசம் வந்து இதுக்குச் சொல்லிக் குடுக்கணும்."